புதுக் கம்பி மாட்டியதும் கிட்டார் மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

பழைய கம்பியோடு ஒழுங்காக இருந்த அகூஸ்டிக் கிட்டார், புதுசு மாட்டிய அன்றைக்கே படுத்த ஆரம்பிக்கும். ஒன்று சுருதியில் நிற்காது, இல்லையென்றால் எங்கேயோ கறகறவென்று இரையும், அதுவும் இல்லையென்றால் பிரிட்ஜ் பின் எகிறிக் குதிக்கும். உடனே "நெக் வளைஞ்சு போச்சு" என்று தீர்ப்பெழுதி, ட்ரஸ் ராடில் (நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டு) சாவியைச் செருகிவிடுகிறவர்கள் நிறைய. நேற்று வரை சரியாக இருந்த நெக், அரை மணி நேரக் கம்பி மாற்றத்தில் கெட்டுப்போவது அபூர்வம். மாற்றியது கம்பியைத்தான். அதனால் முதலில் கம்பி தொடுகிற இடங்களைப் பாருங்கள்.

ஸ்டீல் கம்பி கிட்டாரில் அப்படி ஐந்து இடங்கள். மேல்பலகையில் ஒட்டியிருக்கும் மரத்துண்டான பிரிட்ஜுக்கு அடியில், பெட்டிக்குள்ளே, கம்பி நுனியின் குண்டு முட்டி நிற்கும் மரத்தகடு, அந்தக் குண்டை நகரவிடாமல் பிடிக்கும் பின், பிரிட்ஜின் மேல் கம்பியைத் தாங்கும் மெல்லிய பட்டையான சாடில், தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் பள்ளமிட்ட பட்டையான நட், கடைசியாக, கம்பியைச் சுற்றுகிற கீயின் தண்டு. கீழே உள்ள தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஐந்தில் ஏதோ ஒன்றில்தான் போய் முடியும்.

தேட ஆரம்பிக்கும் முன் ஒரு கேள்வி: தொல்லை ஒரே ஒரு கம்பியிலா, ஆறிலுமா? ஒன்றில் மட்டும் என்றால் அந்தக் கம்பியின் இரண்டு முனைகளையும் பாருங்கள். ஆறிலும் என்றால் சாடில் இடம் மாறியிருக்கும், அல்லது கம்பியின் தடிமன் மாறியிருக்கும்.

சுருதி சேர்த்தாலும் இறங்கிக்கொண்டே இருக்கிறது

முதல் ஓரிரு நாள் இறங்குவது இயல்பு. இரும்பு நீளுகிறது என்று சொல்வார்கள், அது கொஞ்சம்தான். தண்டில் சுற்றிய சுற்றுகள் இறுகுவதும், குண்டு தன் இடத்தில் உட்காருவதும், சாடிலிலும் நட்டிலும் கம்பி வளையும் இடங்கள் படிவதும்தான் பெரும்பங்கு. இதைக் கையாலேயே சீக்கிரம் முடித்துவிடலாம். சுருதி சேர்த்த கம்பியை 12-வது ஃபிரெட்டுக்கு (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மேலே விரலால் பிடித்து, பலகையிலிருந்து ஒரு விரல் அளவுக்கு மெல்லத் தூக்கி விடுங்கள். சுருதி இறங்கியிருக்கும்; ஏற்றுங்கள். மறுபடி தூக்குங்கள். தூக்கினாலும் இறங்காத நிலை வரும் வரை இப்படியே. முதல் கம்பியிடம் மட்டும் முரட்டுத்தனம் வேண்டாம் (முதல் கம்பிதான் மிக மெல்லியது, ஆறாவது மிகத் தடித்தது).

இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாது. 0.012 அங்குலத்தில் தொடங்கும் வழக்கமான 'லைட்' செட் முழுச் சுருதியில் கிட்டத்தட்ட 70 கிலோவுக்கு மேல் இழுக்கிறது. அந்த இழுப்பு ஏற ஏற நெக்கும் மேல்பலகையும் இம்மியளவு வளைந்து கொடுக்கும். அதனால் ஆறாவது கம்பியைச் சேர்த்துவிட்டு முதல் கம்பிக்கு வருவதற்குள் ஆறாவது இறங்கியிருக்கும். கம்பி நழுவியது என்று அர்த்தம் இல்லை. ஆறு கம்பியையும் வரிசையாக மூன்று முறை சேர்த்தால் அடங்கிவிடும்.

மறுநாளும் ஒரே கம்பி மட்டும் இறங்கினால் தண்டைப் பாருங்கள். கம்பி நழுவுகிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி: கம்பி தண்டின் துளையிலிருந்து வெளியே வரும் இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். நன்றாக வாசித்த பிறகு பாருங்கள். புள்ளி துளைக்குள் போயிருந்தால் கம்பி நழுவுகிறது. நகரவே இல்லை என்றால் தண்டின் மேல் பழி போடாதீர்கள். குண்டுப் பக்கம் போங்கள்.

நழுவுவதற்குக் காரணம் பெரும்பாலும் சுற்றுகளின் எண்ணிக்கை. தடித்த கம்பிகளுக்கு இரண்டிலிருந்து மூன்று, மெல்லிய முதல் இரண்டு கம்பிகளுக்கு மூன்றிலிருந்து நான்கு சுற்று போதும். ஒரே சுற்றில் நிறுத்தினால் பிடிப்பு இருக்காது. ஏழெட்டுச் சுற்று போட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, நாள் முழுக்க இறுகிக்கொண்டே இருக்கும். அளவை முன்கூட்டியே கணக்கிடலாம். தண்டின் குறுக்களவு 6 மி.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. கம்பி ஓடும். ஆகவே கம்பியைத் துளை வழியே இறுக்கமாக இழுத்துவிட்டு, அதிலிருந்து 5 அல்லது 6 செ.மீ. திரும்பத் தளர்த்திக் கொடுத்தால் மூன்று சுற்று கிடைக்கும். ஒவ்வொரு சுற்றும் முந்தையதற்குக் கீழே படிய வேண்டும். இது அழகுக்காக இல்லை. கறகறச் சத்தத்தில் இதற்கு வேலை இருக்கிறது, பிறகு வருகிறேன்.

கீயில் கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும். சுருதி கூடிவிட்டால் அப்படியே இறக்கி நிறுத்தாதீர்கள். தேவைக்குக் கீழே இறக்கி, அங்கிருந்து ஏற்றி நிறுத்துங்கள். கீயின் கைப்பிடி தானாகவே சுழலும் அளவுக்குத் தளர்ந்திருந்தால், பல்சக்கரம் வெளியே தெரிகிற திறந்த கீ என்றால் அதன் சின்ன ஸ்க்ரூவை லேசாக இறுக்கினால் போதும்.

சுருதி ஏற்றும்போதே அறுந்துவிட்டது

அறுந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த இடத்தில் அறுந்தது என்பதில்தான் பதில் இருக்கிறது.

நடுவில் எங்கேயோ, அல்லது தண்டுக்குச் சற்று முன்னால், முதல் கம்பி அறுந்திருந்தால் பெரும்பாலும் ஒரு ஸ்தாயி தள்ளி ஏற்றியிருப்பீர்கள். தலையில் மாட்டும் கிளிப் டியூனர் பெரும்பாலும் சுரத்தின் எழுத்தை மட்டும் காட்டும், எந்த ஸ்தாயி என்று காட்டாது. ஆறாவது கம்பியும் ஈ (E), முதல் கம்பியும் ஈ. முன்னது 82 ஹெர்ட்ஸ், பின்னது 330 ஹெர்ட்ஸ். கம்பி தொளதொளவென்று இருக்கும்போது டியூனர் எதை எதையோ காட்டும், அதை நம்பி ஏற்றிக்கொண்டே போனால் சரியான ஈ-யைத் தாண்டிவிடும். அதனால் காதையும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கம்பியை முதலில் சேர்த்து, அதன் 5-வது ஃபிரெட்டை அழுத்தி மீட்டினால் வருவதுதான் முதல் கம்பியின் சுரம். அதைக் கேட்டு, அந்த உயரத்துக்கு மட்டும் ஏற்றுங்கள்.

இடம் மாற்றி மாட்டியிருந்தாலும் அறும். முதல் கம்பிக்கும் இரண்டாவதுக்கும் தடிமன் வித்தியாசம் வெறும் 0.004 அங்குலம்; கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். டி'அடாரியோ செட்டுகளில் குண்டுகளுக்கு நிறம் இருக்கிறது: முதல் கம்பி வெள்ளி, இரண்டாவது ஊதா, மூன்றாவது பச்சை, நான்காவது கறுப்பு, ஐந்தாவது சிவப்பு, ஆறாவது பித்தளை. நிறம் இல்லாத செட் என்றால் உறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அப்போதே மாட்டுங்கள். ஆறையும் மேசையில் பரப்பிவைத்தால் குழப்பம்தான்.

தண்டின் துளையருகே, அதே கீயில் மறுபடி மறுபடி அறுந்தால் துளை விளிம்பில் பிசிறு இருக்கும். நைஸ் உப்புத்தாளை மெல்லியதாகச் சுருட்டி, துளைக்குள் விட்டு நாலு இழுப்பு இழுங்கள். சாடிலின் மேலே அறுந்தால் அங்கே பழைய கம்பி அறுத்த கூரான பள்ளம் இருக்கும். சாடில் விளிம்பை அதே உப்புத்தாளால் லேசாக மழுக்க வேண்டும். குண்டுக்குப் பக்கத்தில், கம்பி முறுக்கிக் கட்டிய இடத்தில் பிரிந்திருந்தால் பெரும்பாலும் கம்பியே குறையுள்ளது. வேறு போடுங்கள்.

சுருதி ஏற்றும்போது முகத்தைக் கம்பிக்கு நேராகக் கொண்டுபோகாதீர்கள். அறுந்த முதல் கம்பி கண்ணுக்குப் பொல்லாதது.

பின் வெளியே வரவில்லை, மாட்டினால் எகிறுகிறது

வராத பின்னைக் குறடால் பிடித்து இழுப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். பிளாஸ்டிக் பின் நசுங்கும், பிரிட்ஜின் விளிம்பு பெயரும். கம்பியை முழுக்கத் தளர்த்திவிட்டு, பின்னுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துத் துளைக்குள் கீழ்நோக்கித் தள்ளுங்கள். உள்ளே குண்டு பின்னின் பிடியிலிருந்து விடுபடும். பின் தானாகவே தளரும். கீயைச் சுற்றப் பயன்படும் தனிக் கருவியில் (ஸ்ட்ரிங் வைண்டர்) ஒரு வெட்டு இருக்கும், அதைப் பின்னின் தலையில் கொடுத்து நெம்புங்கள். அதற்கும் மசியாவிட்டால் மேல்பலகையில் இருக்கும் வட்டத் துளை வழியே கையை விட்டு, ஒரு நாணயத்தின் விளிம்பால் பின்னின் அடியை மேல்நோக்கித் தள்ளலாம்.

பின் எகிறுவதற்குக் காரணம், பின் கம்பியை இறுக்கிப் பிடிக்கிறது என்ற தப்பான எண்ணம். பின்னுக்கு அந்த வேலையே இல்லை. இழுப்பைத் தாங்குவது பெட்டிக்குள் இருக்கும் மரத்தகடு; குண்டு தகட்டின் அடியில் முட்டி நிற்க, பின் அது பின்வாங்காமல் பக்கத்தில் நின்று தடுக்கிறது, அவ்வளவுதான். குண்டு தகட்டில் முட்டாமல் பின்னின் கூரான அடிமுனையில் போய் உட்கார்ந்தால், சுருதி ஏற ஏறக் குண்டு பின்னையே மேலே தூக்கும். அதனால்தான் சரியாகச் சுருதி சேரும் நேரத்தில் 'டப்'பென்று எகிறுகிறது. சுத்தியலால் தட்டி இறக்கினாலும் எகிறும், பிரிட்ஜ் பிளந்துபோவது கூடுதல் நஷ்டம்.

சரியாக மாட்டுவது இப்படி. குண்டுக்கு மேலே ஒரு செ.மீ. தள்ளிக் கம்பியை லேசாக வளையுங்கள். குண்டு பின்னை விட்டு விலகித் தகட்டின் பக்கம் சாய இது உதவும். குண்டைத் துளைக்குள் விடுங்கள். பின்னின் வெட்டுவாய் வட்டத் துளையைப் பார்த்திருக்கும்படி வைத்து மெதுவாக இறக்குங்கள். அழுத்த வேண்டாம். இப்போது கட்டைவிரலைப் பின்னின் தலையில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் கம்பியை மேலே இழுங்கள். குண்டு நகர்ந்து ஓரிடத்தில் 'டக்'கென்று நிற்பது விரலுக்குத் தெரியும். அதற்குப் பிறகு எவ்வளவு இழுத்தாலும் பின் மேலே வரக் கூடாது. வந்தால் வெளியே எடுத்து மறுபடி.

சந்தேகமாக இருந்தால் செல்போனின் விளக்கைப் போட்டு, வட்டத் துளைக்குள் விட்டுப் படம் எடுத்துப் பாருங்கள். ஆறு குண்டுகளும் தகட்டை ஒட்டிப் பின்னுக்குப் பக்கவாட்டில் வரிசையாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தகட்டுக்குள் புதைந்திருந்தால், அந்தக் கம்பியின் நுனியில் இருக்கும் தடித்த முறுக்கு சாடிலின் மேல் ஏறியிருக்கும். பல வருடக் கம்பிகள் தகட்டைத் தின்ற அடையாளம் அது. தகட்டைச் சரிசெய்வது பழுதுபார்ப்பவர் வேலை.

கீயைத் திருப்பினால் 'டிங்' என்று ஒலித்து சுருதி தாவுகிறது

நட்டின் பள்ளத்தில் கம்பி சிக்கியிருக்கிறது. கீயைத் திருப்பும்போது நட்டுக்குப் பின்னால் இழுப்பு சேர்ந்துகொண்டே போய், தாங்காதபோது சடாரென்று நழுவுகிறது. பழையதைவிடத் தடித்த செட் போட்டவர்களுக்கு இது அதிகம் வரும். கம்பியைத் தளர்த்திப் பள்ளத்திலிருந்து தூக்கி, கூராகச் சீவிய பென்சிலால் பள்ளத்தைத் தேயுங்கள். பென்சில் கரி நல்ல மசகு. அதோடு பெரும்பாலும் தீரும். தீராவிட்டால் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும். அதற்கென்று அளவெடுத்த அரம் இல்லாமல் கை வைக்காதீர்கள். ஒரு இழுப்பு கூடினாலும் நட்டையே மாற்ற வேண்டிவரும்.

கறகறவென்று இரைகிறது

இங்கேதான் எல்லோரும் ட்ரஸ் ராடைத் தேடிப் போகிறார்கள். அதற்கு முன் கிட்டாரை மீட்டிவிட்டு, மற்றக் கையால் ஒவ்வொரு பாகமாகத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் சத்தம் நின்றால் திருடன் அங்கேதான். வெட்டாமல் விட்ட கம்பி வால் தலையில் உரசும். கீயின் தண்டைச் சுற்றியுள்ள அறுகோண வளையம் தளர்ந்து அதிரும். கழற்றிச் சுத்தம் செய்த சாடில் பள்ளத்தில் முழுக்க இறங்காமல் நிற்கும்.

எதைத் தொட்டும் நிற்கவில்லை என்றால், எங்கே இரைகிறது என்று பிரிக்க வேண்டும்.

எந்த ஃபிரெட்டையும் அழுத்தாமல், ஓப்பனாக மீட்டும்போது மட்டும் இரைந்து, முதல் ஃபிரெட்டை அழுத்தினால் சுத்தமாக ஒலித்தால் கோளாறு நட்டில். அதிலும் மூன்றாவது, நான்காவது கம்பிகள் என்றால் தண்டைச் சுற்றிய விதத்தைப் பாருங்கள். பக்கத்துக்கு மூன்று கீ உள்ள தலையில் இந்த இரண்டின் தண்டுகள்தான் நட்டிலிருந்து மிகத் தூரம்; நட்டின் மேல் அவை அழுந்தும் கோணம் ஏற்கெனவே குறைவு. சுற்றுகள் கீழ்நோக்கிப் போகாமல் மேல்நோக்கி ஏறியிருந்தால் கம்பி நட்டை அழுத்தவே அழுத்தாது, பள்ளத்தில் ஆடிக்கொண்டு சிதார் மாதிரி இரையும். அவிழ்த்து, ஒரு சுற்று கூட்டி, கீழ்நோக்கிச் சுற்றினால் போய்விடும். அப்படியும் போகவில்லை என்றால் பள்ளம் ஆழமாகிவிட்டது.

முதல் நாலைந்து ஃபிரெட்டுகளில் எல்லாக் கம்பியும் இரைந்தால், முன்பைவிட மெல்லிய செட் போட்டிருக்கிறீர்களா? 12-லிருந்து 10-க்கு (முதல் கம்பி 0.012 அங்குலத்திலிருந்து 0.010-க்கு) இறங்கியிருந்தால் இழுப்பு குறைந்து நெக் பின்னுக்கு நிமிர்ந்திருக்கும். இங்கே ட்ரஸ் ராடுக்கு வேலை உண்டு. ஆனால் அளந்துவிட்டு. சுருதி சேர்ந்த நிலையில், ஆறாவது கம்பியை முதல் ஃபிரெட்டிலும், நெக் பெட்டியோடு சேரும் 14-வது ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். கம்பி இப்போது நேர்கோடு. ஏழாவது ஃபிரெட்டின் மேல் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும், 0.1 முதல் 0.25 மி.மீ. வரை நல்லது. ஒட்டிக்கொண்டிருந்தால் ராடைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கால் திருப்பு, அவ்வளவுதான். சுருதி சேர்த்து, மறுபடி அளந்து, வேண்டுமென்றால் இன்னொரு கால். கையோடு வராமல் முரண்டினால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

பெட்டியை ஒட்டிய மேல் ஃபிரெட்டுகளில் மட்டும் இரைந்தால் சாடில் இடம் வலமாகத் திரும்பிப் போயிருக்கலாம். அடுத்த பகுதியில் பாருங்கள். சாடில் சரியாக இருந்தும் இரைந்தால் காற்று வறண்டு மேல்பலகை தாழ்ந்திருக்கும். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்தில் வைத்தால் சில நாளில் எழும்பும். ஒரே ஒரு ஃபிரெட்டில் மட்டும் என்றால் அடுத்த ஃபிரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது. கம்பிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஓப்பனில் சரி, மேலே போனால் அபசுரம்

12-வது ஃபிரெட்டில் கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டி ஹார்மோனிக் (மணி போன்ற ஒலி) எடுங்கள். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆறு கம்பியிலும் மாறுபட்டால் சாடிலைக் கழற்றித் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். எல்லாக் கம்பியையும் ஒரே நேரத்தில் அவிழ்த்தால் நெக் கெட்டுவிடும் என்று பயமுறுத்துவார்கள். அது ஒன்றும் ஆகாது. உண்மையான ஆபத்து, ஒட்டாத சாடில் கீழே விழுந்து திசை மறந்துபோவது. தடித்த கம்பிப் பக்கம் உயரம் அதிகம். மேல் விளிம்பில் இரண்டாவது கம்பிக்கு மட்டும் பின்னால் தள்ளி ஒரு படி வெட்டியிருக்கும். இந்த இரண்டு அடையாளமும் பொருந்தினால் திசை சரி.

ஒரு கம்பியில் மட்டும் என்றால் அந்தக் கம்பி சீரில்லாதது, அல்லது சாடிலின் மேல் முறுக்கு ஏறியிருக்கிறது.

புதுக் கம்பி பழசு போல மங்கலாக ஒலிக்கிறது

பளிச்சென்று ஐந்து கம்பி, நடுவில் ஒன்று மட்டும் 'தொப்'பென்று ஒலித்தால் அதன் மேல்சுற்று தளர்ந்திருக்கும். தடித்த கம்பிகளில் நடுவே எஃகு, அதன்மேல் வெண்கலச் சுருள். கீயில் மாட்டுவதற்கு முன்பே, மடிக்காமல் நுனியை வெட்டினால் சுருள் உள்ளே அவிழத் தொடங்கும். அந்தக் கம்பி இனி தேறாது. முதலில் தண்டில் மாட்டிச் செங்குத்தாக மடித்து, சுருதி சேர்த்த பிறகு, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மாட்டும்போது கம்பி தன்னைத்தானே முறுக்கிக்கொண்டாலும் இதே மங்கல் வரும். தளர்த்தி, கீப் பக்கத்து நுனியை விடுவித்தால் முறுக்கு தானே அவிழும்.

ஆறுமே மந்தமாக இருந்தால் உறையைப் படியுங்கள். மூன்றாவது கம்பி சுருள் இல்லாத வெறும் எஃகாக இருந்தால், கடைக்காரர் கொடுத்தது பெரும்பாலும் எலெக்ட்ரிக் கிட்டார் செட். அகூஸ்டிக்கிலேயே 80/20 வெண்கலம் பளிச்சென்று இருக்கும். பாஸ்பர் வெண்கலம் கொஞ்சம் கனிந்து ஒலிக்கும். அது குறை இல்லை, ருசி.

பிரிட்ஜ் தூக்குவது போல் தெரிகிறது

வாசிப்பதை நிறுத்திவிட்டு, உங்கள் பிரிட்ஜில் பின்களே இல்லாமல் கம்பியைக் கட்டும் துளைகள் இருக்கிறதா, தலையில் நீளமான இரண்டு வெட்டுகள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது நைலான் கம்பிக்கான கிளாசிக்கல் கிட்டார். நைலான் செட்டின் இழுப்பு 40 கிலோ அளவில்தான். ஸ்டீல் போட்டால் பிரிட்ஜ் பெயர்ந்து வரும். இப்போதே ஆறையும் தளர்த்துங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

ஸ்டீல் கிட்டார்தான் என்றால், பிரிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். நுழையவில்லை என்றால் மேல்பலகை வயிறு போல லேசாகப் புடைத்திருந்தாலும் பயம் இல்லை. நுழைந்தால் பசை விட்டுக்கொண்டிருக்கிறது. தளர்த்திவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

எல்லாம் சரி, ஆனால் விரல் வலி தாங்கவில்லை

உறையில் முதல் எண் என்ன? முன்பு 11 இருந்து இப்போது 12 அல்லது 13 என்றால் இழுப்பு கூடி, நெக் முன்னுக்கு வளைந்து, கம்பியின் உயரமும் கூடியிருக்கும். 12-வது ஃபிரெட்டின் மேலிருந்து கம்பியின் அடிவரை ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஆறாவது கம்பிக்கு 2.5 மி.மீ., முதல் கம்பிக்கு 2 மி.மீ. அளவில் இருந்தால் கிட்டாரில் குறை இல்லை. நாலு நாளில் விரல் பழகும், இல்லையென்றால் அடுத்த முறை 11-க்குத் திரும்புங்கள். 3 மி.மீ.-க்கு மேல் என்றால் ஏழாவது ஃபிரெட் இடைவெளியை மேலே சொன்னபடி அளந்து, அதுவும் கூடியிருந்தால் ராடைக் கடிகாரத் திசையில் கால் திருப்பு. இடைவெளி சரியாக இருந்தும் உயரம் கூடுதல் என்றால் சாடிலின் அடியைத்தான் தேய்க்க வேண்டும். மேற்பக்கத்தைத் தொடாதீர்கள்.